வயதானவர் வீட்டில் குவியும் வேண்டாத தபால்: நிறுத்துவது எப்படி?

பெரியப்பாவின் மேசை இழுப்பறை ஒரு நாள் திறக்க வரவில்லை. ஸ்கேலை உள்ளே விட்டு நெம்பித் திறந்தேன். அடைத்துக்கொண்டிருந்தவை முழுக்கக் கடிதங்கள். மூட்டுவலி மருந்து விளம்பரம், காப்பீட்டுத் திட்டம், கண்ணில்லாத குழந்தைகளுக்கு நன்கொடை, ‘நீங்கள் வென்ற பரிசு காத்திருக்கிறது’. ஒவ்வோர் உறையின் மூலையிலும் வந்த தேதியைப் பென்சிலால் குறித்திருந்தார். சிலவற்றில் தேதிக்குக் கீழே ‘ப.எ.’ என்று இரண்டு எழுத்து. பதில் எழுதியாயிற்று என்று பொருள். அலுவலகத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து வந்த பழக்கம்.

“பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் போடாமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா?” என்று கேட்டார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. கடிதம் என்றால் யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியது என்றே நினைத்து வளர்ந்த தலைமுறை. இந்தத் தபாலை அனுப்புகிறவர்கள் நம்பியிருப்பதும் அந்த மரியாதையைத்தான்.

முழுவதையும் ஒழுங்குக்குக் கொண்டுவர எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதில் மூன்று மாதம் தவறான வழியில் போனது. உங்கள் வீட்டுப் பெரியவருக்காக இதைத் தொடங்குகிறீர்கள் என்றால், அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

1. முதலில் அவருடைய சம்மதம்

நான் செய்த முதல் தவறு, அவர் தூங்கும் நேரத்தில் கடிதங்களை எடுத்துக் குப்பையில் போட்டது. இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு தபாலை எனக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் வைக்க ஆரம்பித்தார். நம்பிக்கையை மீட்க ஒரு மாதம் பிடித்தது.

சட்டமும் இதில் இருக்கிறது. பிறர் பெயருக்கு வந்த தபாலை அவர் அனுமதி இல்லாமல் பிரிப்பதும் மறைப்பதும் பல நாடுகளில் குற்றம். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் விலக்கு இல்லை. ஆகவே உட்கார்ந்து பேசுங்கள். “உங்கள் தபாலை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால் பெரியவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். “இவர்கள் உங்கள் முகவரியை விற்றிருக்கிறார்கள், இருவருமாகச் சேர்ந்து நிறுத்துவோம்” என்று சொல்லிப் பாருங்கள். பெரியப்பா அதற்குத்தான் இசைந்தார்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்: அவருடைய கையெழுத்தும் தேதியும் உள்ள ஒரு பக்க அனுமதிக் கடிதம் (‘என் சார்பாக இன்னார் விளம்பரத் தபாலை நிறுத்தக் கோரலாம்’ என்ற அளவு போதும்), அவருடைய முகவரிச் சான்றின் நகல், உங்கள் அடையாள அட்டையின் நகல். பெரும்பாலான இடங்களில் அனுமதிக் கடிதமே போதுமானதாக இருக்கும். மறதி நோய் உள்ளவர் என்றால் பவர் பத்திரமோ அதற்கு ஈடான சட்டப் பொறுப்போ தேவைப்படலாம். அதை அவர் புரிந்து கையெழுத்திடும் நிலையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. பிறகு செய்ய நினைத்தால் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

2. ஒரு மாதம் எதையும் எறியாதீர்கள்

எல்லாரும் முதலில் எறிகிறார்கள். வீட்டு வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, முப்பது நாள் வருகிற தபால் அத்தனையையும் உறையோடு அதில் போடுங்கள். உறை முக்கியம். பெயருக்கு மேலேயோ ஓரத்திலோ எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு வரி அச்சாகியிருக்கும். எந்தப் பட்டியலிலிருந்து இந்த முகவரி எடுக்கப்பட்டது, வாடிக்கையாளர் எண் என்ன என்பவை பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும். அதைக் குறிப்பிட்டு எழுதினால் நிறுவனத்தில் உங்கள் பதிவை உடனே தேடி எடுத்துவிடுவார்கள்.

பெயர் எப்படியெல்லாம் அச்சாகியிருக்கிறது என்றும் பாருங்கள். நம் பெயர்களில் இது பெரிய சிக்கல். முன்னெழுத்து ஒரு கடிதத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் தந்தை பெயரே குடும்பப் பெயராக மாறியிருக்கும். பெரியப்பா நான்கு விதமான பெயர்களில் இருந்தார். கணினிக்கு அவர்கள் நான்கு பேர். ஒரு பெயரை நிறுத்தினால் மற்ற மூவருக்கும் தபால் தொடரும். எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. பிரித்து அடுக்குங்கள்

மாத முடிவில் பெட்டியைக் கவிழ்த்து ஐந்து கட்டாகப் பிரியுங்கள்: உண்மையான தபால், தெரிந்த நிறுவனங்களின் விளம்பரம், தொண்டு நிறுவனங்கள், பெயரே இல்லாத துண்டறிக்கைகள், மோசடி என்று தோன்றுபவை.

முதல் கட்டைப் பிரிக்கும்போது அவசரப்படாதீர்கள். வங்கி, ஓய்வூதியம், மருத்துவமனை, வரி, காப்பீடு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் கடிதங்கள் பெரும்பாலும் எந்த அலங்காரமும் இல்லாத சாதாரண உறையில் வரும். விளம்பரக் கடிதமோ ‘அவசரம்’, ‘இறுதி அறிவிப்பு’ என்று சிவப்பில் அச்சடித்து அரசாங்க ஓலை மாதிரி வரும். பெரியப்பாவின் கண் மருத்துவச் சந்திப்புக் கடிதம் ஒரு தோட்டச் சாமான் கேட்டலாக்கின் நடுப்பக்கத்தில் செருகிக் கிடந்தது. சந்திப்பு நாள் கடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. புத்தகம் மாதிரி வருபவற்றைத் தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டுப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் ‘ப.எ.’ குறித்த உறைகளைத் தனியே அடுக்கியபோதுதான் விஷயம் விளங்கியது. பதில் போன இடங்களிலிருந்து அடுத்த சில வாரங்களில் இரண்டு, மூன்று என்று கடிதம் பெருகியிருந்தது. பதில் எழுதுகிறவர், பணம் அனுப்புகிறவர் என்ற பட்டியலுக்கு இந்த வியாபாரத்தில் மதிப்பு அதிகம். வாடகைக்கு விடுவார்கள், மாற்றிக்கொள்வார்கள்.

4. நிறுவனங்களுக்கு எழுதும் கடிதம்

தெரிந்த, உண்மையான நிறுவனங்களுக்கு மட்டும் இந்த வழி. கடிதம் நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம்:

‘கீழ்க்கண்ட பெயர்களிலும் முகவரியிலும் எனக்கு விளம்பரத் தபால் அனுப்புவதை நிறுத்துங்கள். என் விவரங்களைப் பிறருக்குத் தராதீர்கள். என் பெயரை, அனுப்பக் கூடாதவர்கள் பட்டியலில் வைத்திருங்கள். என் முகவரி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தெரிவியுங்கள்.’

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். நான் முதலில் ‘என் விவரங்களை முழுவதும் அழித்துவிடுங்கள்’ என்று எழுதினேன். அழித்தார்கள். மூன்று மாதம் கழித்து அவர்கள் வாங்கிய புதிய பட்டியலில் பெரியப்பா மறுபடியும் இருந்தார். வேண்டாம் என்று சொன்னவர் என்ற பதிவே அழிந்துபோனதால், அவர்களுக்கு அவர் புதிய ஆள். ஆகவே அழிக்கச் சொல்லாதீர்கள். அனுப்பக் கூடாதவர் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது வரி வேரைக் காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நேரடி விளம்பரத்துக்கு எப்போது வேண்டுமானாலும் மறுப்புச் சொல்லலாம். அவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், கட்டணம் கேட்கக் கூடாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். முகவரி கிடைத்த இடத்தைக் கேட்கும் உரிமையும் உண்டு. எங்களுக்கு வந்த பதில்களில் மூன்று ஒரே பட்டியல் வியாபாரியைக் காட்டின. அந்த ஓர் இடத்துக்கு எழுதியதும் ஒரு கொத்துத் தபால் அடங்கியது.

பிறந்த தேதி, வங்கி எண், தொலைபேசி எண் எதையும் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதிலேயே அனுப்பலாம்; செலவில்லை, தேதியும் பதிவாகும். தபாலில் அனுப்பினால் நகல் எடுத்து வையுங்கள். அச்சடித்து உறையிட்டுத் தயாராக இருப்பவை ஏற்கெனவே கிளம்பியிருக்கும். அதனால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை பழைய தபால் வரத்தான் செய்யும். அதற்குள் சலித்துப்போய் இரண்டாம் கடிதம் எழுதாதீர்கள். பன்னிரண்டு வாரம் கழிந்தும் வந்தால், முதல் கடிதத்தின் நகலோடு எழுதுங்கள்.

இன்னொரு பொறி: ‘அனுப்பியவருக்கே திருப்பு’ என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டால் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். மொத்தக் கட்டணத்தில் அனுப்பப்படும் விளம்பரத் தபாலில் திரும்பும் செலவு பெரும்பாலும் சேராது. அமெரிக்காவில், திருப்பித் தரும்படி அனுப்பியவர் உறையில் அச்சிட்டிருந்தால் ஒழிய, அஞ்சல் துறையே அதைக் கழித்துவிடும். நீங்கள் மறுத்த செய்தி அனுப்பியவரைச் சேரவே சேராது.

5. தொண்டு நிறுவனங்கள்

இங்கேதான் மனம் கனக்கும். பெரியவர்கள் ஆசைப்பட்டு, இரங்கிக் கொடுக்கிறார்கள். பெரியப்பா எத்தனை இடத்துக்குக் கொடுக்கிறார் என்று அவருக்கே கணக்கில்லை. காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைச் சேர்த்துப் பார்த்தோம். ஒரே ஆண்டில் பத்தொன்பது நிறுவனங்கள். அவற்றில் அவர் உண்மையிலேயே விரும்பிக் கொடுத்தவை நான்கு. மற்றவை, பேனாவோ வாழ்த்து அட்டையோ உள்ளே இருந்ததால் கடன்பட்டதாக நினைத்துக் கொடுத்தவை. ஒரு கடிதத்தில், உறையின் கண்ணாடித்தாள் வழியாகத் தெரியும்படி ஒரு நாணயத்தை ஒட்டியிருந்தார்கள். அதை எடுத்துக்கொள்ளவும் மனமில்லாமல், எறியவும் மனமில்லாமல், அலமாரியில் ஒரு கிண்ணத்தில் அப்படியே சேர்த்து வைத்திருந்தார்.

கேட்காமல் வந்த பொருளுக்குப் பணம் தர வேண்டியதில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சட்டமே அதை இலவசப் பரிசாக வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. இதைப் பெரியவரிடம் சட்டத்தின் பெயரால் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிடச் சட்டம் சொல்கிறது என்றால் அவர் மனசாட்சிக்கு அது போதும்.

கொடையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அது அவருடைய உரிமை, அவருடைய மகிழ்ச்சியும்கூட. நாங்கள் செய்தது இது: நான்கு பெயர்களை அவரே தேர்ந்தெடுத்தார். ஆண்டுக்கு ஒரு முறை, அவர் குறித்த ஒரு நாளில், நான்குக்கும் சேர்த்து அனுப்புவது என்று முடிவு. அந்த நான்குக்கும் ‘ஆண்டுக்கு ஒரு கடிதம் போதும், என் முகவரியைப் பகிர வேண்டாம்’ என்று எழுதினோம். மீதிப் பதினைந்துக்கும் நன்றி சொல்லி, நிறுத்தக் கேட்டு எழுதினோம். அந்த நன்றி வரியை அவர் வற்புறுத்திச் சேர்த்தார்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு ஃபண்ட்ரெய்சிங் பிரிஃபரன்ஸ் சர்வீஸ் என்ற இலவச ஏற்பாடு உண்டு. எந்தெந்தத் தொண்டு நிறுவனம் வேண்டாம் என்று பெயர் கொடுத்தால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். உறவினருக்காக நீங்களும் செய்யலாம்.

6. பதிவேட்டில் பெயர் சேர்த்தல்

‘எனக்கு விளம்பரத் தபால் வேண்டாம்’ என்பவர்களுக்கான பொதுப் பதிவேடு சில நாடுகளில் இருக்கிறது. இதை முதல் நாளே செய்துவிடுங்கள். பலன் தெரிய அதிக நாள் எடுப்பது இதுதான்.

பிரிட்டனில் மெயிலிங் பிரிஃபரன்ஸ் சர்வீஸ். இலவசம். முழுப் பலன் கிடைக்க நான்கு மாதம் வரை ஆகும். பெரியவர் ஏற்கெனவே வாடிக்கையாளராக இருக்கும் நிறுவனங்களை இது கட்டுப்படுத்தாது. அவர்களுக்கு நான்காம் படியில் சொன்னபடி நேரடியாக எழுத வேண்டும். அங்கே வாக்காளர் பட்டியலில் ‘திறந்த பட்டியல்’ என்று ஒன்று உண்டு. அதை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம். அதிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதினால் போதும். வாக்குரிமைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

அமெரிக்காவில் இரண்டு இடம். டிஎம்ஏ சாய்ஸ் என்பது பொதுவான விளம்பரத் தபாலுக்கு. சிறு கட்டணம் உண்டு, பத்தாண்டு செல்லும். பராமரிப்பில் இருப்பவர் சார்பாகப் பதியத் தனிப் பட்டியலும் வைத்திருக்கிறார்கள். கடன் அட்டை, காப்பீட்டு அழைப்புகளுக்கு ஆப்ட்அவுட் பிரீஸ்கிரீன், இலவசம். இணையத்திலோ தொலைபேசியிலோ செய்தால் ஐந்தாண்டு. நிரந்தரமாக வேண்டும் என்றால் படிவத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். வயதானவர்களுக்கு நிரந்தரத்தையே தேர்ந்தெடுங்கள். பெயர் போலவே ஒலிக்கும் போலித் தளங்கள் இருக்கலாம். சமூகப் பாதுகாப்பு எண் (அங்கே ஒருவரின் அரசு அடையாள எண்) கேட்கும் இடம் என்பதால் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு நிரப்புங்கள்.

எல்லாவற்றையும் நிறுத்தித் தருகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் தனியார் சேவைகள் இருக்கின்றன. அவர்கள் செய்வதும் இதே படிவங்களைத்தான்.

7. பெயர் இல்லாத துண்டறிக்கைகள்

‘வீட்டாருக்கு’ என்று வருபவற்றையும் பீட்சாக் கடை நோட்டீஸ்களையும் பதிவேடு தடுக்காது. தபால் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஜெர்மனியில் ‘பிட்டே கைனெ வெர்பூங்’ (விளம்பரம் வேண்டாம்) என்ற ஒரு வரிக்கு நீதிமன்றமே மதிப்புத் தந்திருக்கிறது. நெதர்லாந்தில் ‘நே–யா’ (இல்லை–ஆம்) ஒட்டினால் விளம்பரம் வராது, இலவச உள்ளூர்ப் பத்திரிகை வரும். ‘நே–நே’ என்றால் இரண்டும் வராது. கனடாவில் பெட்டியில் ஒரு குறிப்பு எழுதி வைத்தால் அஞ்சல் துறை ஏற்கும். பிரிட்டனில் தபால்காரர் கொண்டுவரும் துண்டறிக்கைகளுக்கு, அங்குள்ள அஞ்சல் நிறுவனமான ராயல் மெயிலிடம் தனிப் படிவம் உண்டு. நடைமுறைக்கு வர ஆறு வாரம் வரை, செல்லுபடி இரண்டு ஆண்டு. கையில் கொண்டுவந்து போடுகிறவர்களை அது தடுக்காது, அதற்கு ஸ்டிக்கர்தான்.

உள்ளூர்ப் பத்திரிகையைப் பெரியவர் விரும்பிப் படிப்பார் என்றால் அதையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள்.

8. மோசடிக் கடிதங்கள்: பதிலே கூடாது

இதற்குமுன் சொன்ன எதையும் இந்தக் கட்டுக்குச் செய்யாதீர்கள். நிறுத்தச் சொல்லி எழுதுவதுகூடப் பதில்தான். ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், படிக்கிறார்’ என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும்.

அடையாளங்கள்: நுழையாத போட்டியில் பரிசு, பரிசைப் பெற ஒரு சிறு ‘நடைமுறைக் கட்டணம்’, பத்து நாள் கெடு, வெளிநாட்டுத் தபால் பெட்டி எண், கையெழுத்து மாதிரி அச்சடித்த எழுத்து, ‘உங்கள் கிரகத்தைப் பார்த்து இரவு முழுவதும் தூங்கவில்லை’ என்று எழுதும் சோதிடர். எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம், ‘வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்ற வரி.

பிரிட்டனில் இவற்றை உறையோடு ராயல் மெயிலுக்குத் தபால்தலை இல்லாமலே அனுப்பலாம், அதற்கென்றே ஃப்ரீபோஸ்ட் முகவரி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அஞ்சல் ஆய்வுத் துறையிடம் புகார் செய்யலாம். மற்ற இடங்களில் காவல் நிலையமோ நுகர்வோர் அமைப்போ. புகார் செய்யும்வரை உறையைக் கிழிக்காதீர்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால், அன்றே வங்கியை அழையுங்கள். காசோலையை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். அட்டை எண் கொடுத்திருந்தால் அட்டையை மாற்றச் சொல்லுங்கள். பிறகு சில மாதம் கவனமாக இருங்கள். ‘நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு’ என்று கடிதமோ தொலைபேசியோ வரக்கூடும். முதலில் ஏமாற்றியவர்கள் வைத்திருந்த பட்டியல் கைமாறியிருக்கும்.

பெரியவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு சொல் கடுமையாக விழுந்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார். பெரியப்பா தாம் அனுப்பிய தொகையை என்னிடம் சொல்ல ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஐந்து வாரத்தில் இன்னும் இரண்டு காசோலை போயிருந்தது.

9. இறந்தவர் பெயரில் வருபவை

பெரியம்மா மறைந்து நான்கு ஆண்டுக்குப் பிறகும் அவர் பெயருக்குப் புடவை கேட்டலாக் வந்துகொண்டிருந்தது. வாசலில் அதை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பெரியப்பா கொஞ்ச நேரம் நின்றுவிடுவார். அனுப்பிய நிறுவனத்துக்கு மறைந்த தேதியைச் சொல்லி ஒரு கடிதம், தேவைப்பட்டால் இறப்புச் சான்றிதழின் நகல். அசலை யாருக்கும் அனுப்பாதீர்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இறந்தவர்களுக்கென்று தனிப் பதிவேடு உண்டு. இந்தக் கடிதங்களைப் பெரியவரை எழுத வைக்க வேண்டாம், நீங்களே எழுதிவிடுங்கள்.

10. பெட்டி காலியாகும்போது

ஐந்தாம் மாதம் தபால் சட்டென்று குறைந்தது. நான் மகிழ்ந்தேன். பெரியப்பா பதினொரு மணிக்கு வாசலுக்குப் போய் வெறும் கையோடு திரும்பினார். இதை நான் யோசிக்கவே இல்லை. தனியாக இருப்பவருக்குத் தபால் வரும் நேரம் ஒரு நாளின் நடு. அதைப் பறித்தால், அடுத்து வரும் முதல் மோசடிக் கடிதத்துக்கு அவரே இடம் கொடுத்துவிடுவார்.

உறவினர்களிடம் வாரம் ஒருவர் என்று முறை வைத்துக் கேட்டோம். அஞ்சலட்டை போதும், நான்கு வரி போதும். ஒரு நல்ல மாத இதழுக்குச் சந்தாவும் கட்டினோம். சந்தாப் படிவத்தின் அடியில் ‘விவரங்களைப் பகிரலாம்’ என்ற கட்டத்தைப் பார்த்து விலக்கிவிட்டோம்.

11. தேதிகளைக் குறித்து வையுங்கள்

ஒரு நோட்டில் நான்கு பத்தி: யாருக்கு எழுதினோம், என்றைக்கு, என்ன பதில், எப்போது காலாவதி. இரண்டாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு என்று முடிபவற்றைப் புதுப்பிக்காவிட்டால் தபால் தானாகத் திரும்பி வரும். வீடு மாறினால் எல்லாப் பதிவுகளையும் புதிய முகவரிக்கு மறுபடி செய்ய வேண்டும். பழையது கூடவே வராது. உத்தரவாத அட்டை, அதிர்ஷ்டக் குலுக்கல், கடைகளின் உறுப்பினர் படிவம் இவற்றில் பெயர் எழுதும் முன் உங்களை ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள். புதிய பட்டியல்கள் அங்கிருந்தும் கிளம்புகின்றன.

மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், இருவரும் உட்கார்ந்து அந்த மாதத்துத் தபாலைப் பாருங்கள். பெயரும் முகவரியும் உள்ள பகுதியைக் கிழித்துத் துண்டாக்கிய பிறகே காகிதத்தைக் கழிவில் போடுங்கள்.